நலமானவர் வரிசை

தூங்கிவிட்டாள். ஆனால் விடமாட்டாள். மார்பிலிருந்து வாயை எடுத்தால் விழித்துக்கொள்வாள், எடுக்காமல் இப்படியே உட்கார்ந்திருந்தால் என் இடது கை தோளோடு கழன்று ஆதிரையோடு போய்விடும், போகட்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கை போதும். கட்டிலில் சுவரோடு சாய்ந்திருக்கிறேன். போன் கால்மாட்டில் போர்வைமேல் கிடக்கிறது, எட்டவில்லை, எட்டாததும் நல்லதுதான். அதில் என் ஆய்வகத்து ரியாஸ் கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. ஜமுனா, நாளைக்கு உங்கப்பா ஸ்கேனுக்கு வருவது உறுதிதானே, மதியத்துக்குள் சொல்லிவிடு. ஸ்கேனுக்கு முன்னால் ஊசியில் ஏற்றுகிற மருந்தை ஆளுக்கு ஆள் புதிதாகத் தயார் செய்யவேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும், அதனால்தான் மதியத்துக்குள். ஆமாம் என்று எழுதலாம், இல்லை என்று எழுதலாம். பார்க்கின்சன் நோயில் மூளையின் ரசாயனம் எப்படிக் கெடுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதி டாக்டர் பட்டம் வாங்கினவளுக்கு இந்த ஒரு சொல் எழுத வரவில்லை. பிள்ளை தூங்குகிறாள், கை எட்டவில்லை, நான் என்ன செய்ய. சமையலறையில் அப்பா எனக்குப் பூண்டுப் பால் ஆற்றிக்கொண்டிருக்கிறார். பால் கொடுக்கிற பெண்ணுக்குப் பூண்டுப் பால் நல்லது என்று அம்மா போனில் சொன்னதிலிருந்து ஒரு நாள் தவறவில்லை மனுஷன். தவறினால்தான் என்ன, அந்த வாசனைக்கு ஆதிரையே ஒரு நாள் பால் வேண்டாம் என்று எழுந்து போய்விடுவாள்.

சர்ர்ர் என்று முதல் இழுப்பு நீளமாக வருகிறது. டம்ளரிலிருந்து போசிக்கு, போசியிலிருந்து டம்ளருக்கு. அந்தியூர்ப் பக்கம் எங்கள் ஊர் பஸ் நிற்கிற இடத்தில் அப்பா டீக்கடை வைத்திருந்தார், ராக்கியப்பன் டீ ஆற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் பஸ்ஸை விட்டவர்கள் உண்டு என்று அவரே சொல்லிக்கொள்வார், வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் உண்மைதான். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்புக்குக் கீழே, நடுவில் டீ ஒரு பழுப்பு நாடா மாதிரி நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தப் பெஞ்சில்தான் கணக்குப் போடுவேன், என்மேல் ஒரு சொட்டுத் தெறிக்காது. இப்போது எழுந்துபோய்ப் பார்க்கவேண்டியதில்லை, காது போதும். சர்ர்ர். சர்ர். சர். அப்புறம் சின்னதாக ஒரு ச். அடுத்தது சத்தமே இல்லை, இரண்டு பாத்திரமும் உரசிக்கொள்கிறது, அவ்வளவுதான். நின்றுவிடுகிறார். மூச்சு விடுகிறார். மறுபடியும் சர்ர்ர், நன்றாக, நீளமாக, ஒன்றுமே ஆகாத மாதிரி. அப்புறம் மறுபடியும் சுருங்குகிறது. மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொல்லுங்கள், பெரிதாக, வேகமாக, விடாமல். வயதானவர் என்றால் மெதுவாகத் தட்டுவார், தட்டிக்கொண்டே இருப்பார், அது வயசு. ஒவ்வொரு தட்டுக்கும் விரல்கள் திறக்கிற அகலம் குறைந்துகொண்டே போனால் அது வயசு இல்லை, மூளையில் டோபமின் என்கிற ரசாயனம் தீர்ந்துகொண்டிருக்கிறது. எத்தனை அழகாகச் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி, மேடம் நீங்க சொன்னா மறக்கவே மறக்காது என்றாள். எனக்கும்தான் மறக்கமாட்டேன் என்கிறது. டோபமின் என்னிடத்திலும் குறைந்துதான் இருக்கும் இப்போது. பிள்ளை சப்பும்போது மூளையின் இன்னொரு மூலையில் அது குறைந்தால்தான் எனக்குப் பால் சுரக்கும். ஒரே சரக்கு. இங்கே குறைந்தால் பிள்ளைக்குச் சாப்பாடு, அங்கே குறைந்தால் அப்பாவுக்குக் கை ஓடாது. இதை வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். நானே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

சிரிப்புக்கு என்ன குறைச்சல் இந்த வீட்டில். பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குப் போகவேண்டும், பிள்ளையை யார் பார்ப்பது என்றபோது அம்மா கைவிரித்துவிட்டாள், மாட்ட ஆரு பாக்கறது, உங்கொப்பன் பாப்பாரா, மாடு ஒதைச்சா அழுவாரு என்றாள். அப்படித்தான் பங்குனியில் அப்பா கடையைப் பூட்டிவிட்டுப் பெங்களூருக்கு வந்து இறங்கினார். கையில் ஒரு பை, தோளில் துண்டு. பேத்தியைக் குளிப்பாட்டினார், பவுடர் போட்டார், அவள் காரியம் பண்ணினால் முகம் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல் கழுவிவிட்டார். கீழ் வீட்டுக்காரம்மா வாயில் கை வைத்துக்கொண்டு, இப்பேர்ப்பட்ட தாத்தா யாருக்குங்க கிடைப்பார், எங்க வீட்டுக்காரர் டயப்பரைப் பார்த்தாலே பால்கனிக்கு ஓடுவார் என்றாள். தரணி என் கணவர், அவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஜாதிதான், மாமாவுக்குக் கோயில் கட்டணும் ஜமுனா என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார், நம்ம புள்ள பீ நாறுமா என்றார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே ஒரு சந்தேகம் பல் இடுக்கில் மாட்டின நார் மாதிரி உட்கார்ந்துவிட்டது. மறுநாள் குளித்துவிட்டு வருகிறேன், வீடெல்லாம் கருகல் வாசனை, அப்பா அடுப்புக்குப் பக்கத்தில் நின்று ஆதிரைக்குக் காக்கா காட்டிக்கொண்டிருக்கிறார், பால் அடிப்பிடித்துப் புகைகிறது. அட, அடிப்புடிச்சிருச்சா என்கிறார். ஆயுசு முழுக்கப் பாலுக்குப் பக்கத்தில் நின்றவர். மூக்கு செத்துப்போவது கைக்கு ரொம்ப முன்னாலேயே வருகிற அறிகுறி. தூக்கத்தில் கத்துவதும் கால் உதைப்பதும் அப்படியேதான், அதற்கும் தரணி ஒரு கதை வைத்திருந்தார், மாமா ராத்திரியில் கடன் சொன்னவனையெல்லாம் துரத்துறார் என்று. நடக்கும்போது வலது கை ஆடுவதில்லை, அதில் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்வார், துண்டு இருந்தால் கை ஆடாதது தெரியாது. அவருக்கே தெரியுமோ என்னவோ. ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பால் ஆற்றுகிற சத்தம் சுருங்கினதைக் கேட்டேன். அன்றைக்கு எல்லாம் சேர்ந்து ஒரு பெயராகிவிட்டது.

நான் என்ன செய்தேன்? நிறையச் செய்தேன். சும்மா உட்காரும் ரகம் இல்லை நான். கேஸ் கசிந்தால் அவருக்கு வாசனை தெரியாது, பிள்ளையோடு தனியாக இருக்கிறார், அன்றைக்கே போய்க் கரண்ட் அடுப்பு வாங்கிவந்துவிட்டேன், கேஸை மூடிவிட்டேன், இதுதான்பா இப்ப எல்லாரும் வெக்கறாங்க என்றேன். குளியலறைக்கு வழுக்காத மிதியடி போட்டேன். மாடிப்படியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டாம், அவளுக்கு லிஃப்ட்தான் பிடிக்கிறது, பட்டனைப் பார்த்தால் சிரிக்கிறாள் என்றேன். பிள்ளையைத் துணியில் கட்டி நெஞ்சோடு மாட்டிக்கொள்கிற பை ஒன்று வாங்கினேன், கை வலிக்காமல் இருக்கட்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் ஒரு பொய், ஒவ்வொரு பொய்யும் பார்க்கப் பாசமாக இருக்கும். அப்பா போனில் அம்மாவிடம் பெருமையடித்தார், அம்மிணி என்னயக் கண்ணாட்டமா பாத்துக்கறா, கை வலிக்குமின்னு பையெல்லாம் வாங்கிக் குடுத்திருக்கறா. அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர எல்லாம் செய்தேன். அப்பா, உங்களுக்கு இந்த நோய் வந்திருக்கிறது போலிருக்கிறது, டாக்டரிடம் போகலாம். எத்தனை சுலபமான வாக்கியம். சொன்னால் என்ன ஆகும்? ஊருக்குப் போகிறேன் என்பார். அல்லது நானே பிள்ளையை அவர் கையில் கொடுக்கப் பயப்படுவேன், பயப்படுவதை அவர் பார்ப்பார். வேலையை விடவேண்டும், இந்த வருஷம் விட்டால் அப்புறம் யார் எனக்காக இடத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள், ஆய்வகத்து எலிகளா? அவை காத்திருக்கும் பாவம், கூண்டில் வேறு என்ன செய்யும். நாங்கள்தான் அவற்றுக்கு மருந்து போட்டு நோயை வரவழைக்கிறோம், அப்புறம் பனிக்கட்டிமேல் வைத்து மூளையைச் சீவி, டோபமின் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறோம். அறிகுறி வெளியே தெரிகிறபோது டோபமின் சுரக்கிற செல்களில் பாதிக்குமேல் போயிருக்கும். அப்படியானால் ஆடி மாதமே தாமதம்தானே. போன செல்லைக் கொண்டுவர ஒரு மருந்தும் இல்லையே, சொல்லி என்ன ஆகப்போகிறது, நிம்மதியாகவாவது இருக்கட்டுமே. இப்படித்தான் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டு வாதாடுவேன். ஆனால் போன கருத்தரங்கில் மேடைமேல் நின்று, சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் எல்லாமே, நடையும் உடற்பயிற்சியும் மாத்திரையும் சேர்ந்தால் எத்தனையோ நல்ல வருஷங்கள் கிடைக்கும் என்று பேசினது யார்? கை தட்டினார்களே. அப்பாகூடக் கடைசி வரிசையில் ஆதிரையை மடியில் வைத்துக்கொண்டு தட்டினார். இங்கிலீஷ் புரியாது அவருக்கு. எல்லாரும் தட்டினார்கள் என்று தட்டினார். அவர் கை எப்படித் தட்டுகிறது என்று மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் ரியாஸ் சாப்பிட வந்தான். ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது அவன் வேலை. நோயாளிகள் ஒரு வரிசை, நலமானவர்கள் ஒரு வரிசை, இரண்டையும் ஒப்பிட்டால்தானே நோய் என்ன செய்திருக்கிறது என்று தெரியும். நலமானவர்களுக்கு எங்கே போவது, உடம்பு நன்றாக இருக்கிறவன் எதற்கு ஆஸ்பத்திரிப் பக்கம் வருவான், அதனால் எல்லா ஆய்வகத்திலும் நலமானவர்கள் என்றால் வேலை செய்கிறவர்களின் மாமனார்களும் சித்தப்பாக்களும்தான். எங்கள் கணக்கில் இந்தியாவின் ஆரோக்கியம் முழுக்க ரியாஸின் பெரியப்பா வீட்டிலிருந்து வந்தது என்று நாங்களே கிண்டலடிப்போம். அன்றைக்குக் குழம்பை ஊற்றிக்கொண்டே அவன், நலமானவங்ககூடக் கிடைச்சிடறாங்க ஜமுனா, இன்னும் மாத்திரையே ஆரம்பிக்காத புது நோயாளிதான் கிடைக்கவே மாட்டேங்கறாங்க, நம்மகிட்ட வர்றதுக்குள்ள யாராவது எழுதிக் கொடுத்துடறாங்க என்றான். மாத்திரை சாப்பிட ஆரம்பித்துவிட்டால் மூளையின் ரசாயனம் மாறிவிடும், நோயின் அசல் முகம் தெரியாது, அதனால் அப்படி ஒரு ஆள் கிடைத்தால் எங்களுக்குத் தங்கம். அப்பா நடுவில் புகுந்து, ஏந் தம்பி, என்னயப் பாத்தா ஒங்களுக்கு நலமா தெரியிலியா என்றார். ரியாஸ் எழுந்து கை கொடுக்காத குறை. மாமா, நீங்கதான் நம்ம ஆளு என்றான். நான் அப்பளம் எடுக்க உள்ளே போய்விட்டேன். அன்றைக்கே அப்பா அம்மாவுக்குப் போன் போட்டார், பாவாயி, என்ற மூளையப் படம் புடிக்கறாங்களாமா, இருக்குதான்னு பாத்துச் சொல்லுவாங்க. அம்மா விடுவாளா, இருந்துதுன்னா எனக்கும் ஒரு போட்டாக் காப்பி அனுப்பச் சொல்லுங்க, முப்பது வருஷமாத் தேடிட்டிருக்கறேன் என்றாள். அந்தப் படம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நலமான மூளையில் நடுவே இரண்டு கால்புள்ளிகள் எதிரும் புதிருமாக ஒளிரும். நோய் வந்தால் வால் தேய்ந்து தேய்ந்து முற்றுப்புள்ளியாகிவிடும். அப்பாவுக்கு ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், இடது பக்கம், வலது கைக்கு அதுதான் எசமான். எனக்குத் தெரியும், தெரிந்தே பேசாமல் இருந்தேன். மெஷின் சொல்லட்டும் என்று நினைத்தேன். மெஷின் சொன்னால் நான் சொன்ன மாதிரி ஆகாது, ஐயோ அப்பா என்று நானும் எல்லோரோடும் சேர்ந்து திடுக்கிடலாம். திடுக்கிடுகிற முகத்தைக்கூடப் பழகிப் பார்த்தேன், பல் தேய்க்கும்போது, கண்ணாடியில். இதெல்லாம் ஒரு பெண் செய்கிற வேலையா.

மறுபடியும் சர்ர்ர். எத்தனை தரம் ஆற்றுவார், பால் ஐஸாகிவிடும் போலிருக்கிறது. ஆதிரை தூக்கத்தில் சிரிக்கிறாள், உதட்டோரம் பால் வழிகிறது. இவளைத் தூக்கிக்கொண்டு அவர் நடக்கும்போது நான் பால்கனியில் நின்று பார்ப்பேன், திரும்புகிற இடத்தில் கால் ஒட்டிக்கொள்கிறதா என்று. ஒட்டிக்கொள்ளவேண்டும் என்று பார்ப்பேனா, ஒட்டிக்கொள்ளக்கூடாது என்று பார்ப்பேனா? பிள்ளைக்காகத்தான் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன். சரி, பிள்ளைக்காகத்தான். ஆனால் அந்த ஆடி வெள்ளிக்கிழமைக்கு வருவோம், அதை விட்டுவிட்டு அடுப்பு, மிதியடி, ரியாஸ் என்று சுற்றிச் சுற்றி வருகிறேனே, அந்த வெள்ளிக்கிழமை. நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் சுருங்கியது. கை அப்படியே நின்றது, மடியில் ஆதிரையின் மஞ்சள் சட்டை. மூக்கு, தூக்கம், துண்டு, சத்தம், எல்லாம் ஒன்றாகப் போய் ஒட்டிக்கொண்டது. அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது? ஐயோ அப்பா என்று தோன்றியிருக்கவேண்டும். தோன்றியது, பின்னால் தோன்றியது, அழுகைகூட வந்தது, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதெல்லாம் இரண்டாவது. முதலில் வந்தது வேறு. ஆரம்ப நிலை, ஒரு பக்கம்தான், இன்னும் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடவில்லை. கிடைத்துவிட்டது. அப்படித்தான் வந்தது, கிடைத்துவிட்டது என்று, மாதக்கணக்காகத் தேடின சாவி அலமாரிக்கு அடியில் தட்டுப்பட்ட மாதிரி, நெஞ்சில் ஒரு சின்னத் துள்ளல். சந்தோஷம். பெயர் அதுதான், வேறு பெயர் வைத்து ஏமாற்றமுடியாது. துள்ளினதும் டோபமின்தான், என்னுடையது, எனக்கு அது தாராளமாக இருக்கிறது. ஒரு நொடிதான். ஆனால் பாலில் ஒரு சொட்டுப் புளிப்பு விழுந்தால் போதாதா. அதற்கப்புறம் நான் சொல்லாமல் இருந்ததில் எவ்வளவு பயம், எவ்வளவு பிள்ளைக்காக, எவ்வளவு அந்த ஒரு நொடிக்காக என்று எந்த மெஷினில் போட்டுப் பிரிப்பது? இந்த மூன்று மாதமும் அவர் மாத்திரை இல்லாமல் இருந்தார். என் ஆய்வுக்குப் பதமாக இருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆற்றுகிற சத்தம் நின்றுவிட்டது. செருப்பு வருகிறது, வலது கால் கொஞ்சம் தேய்த்துக்கொண்டு.

"தூங்கிட்டாளா அம்மிணி? குடு, தொட்டில்ல போட்டர்றேன். நீ பாலக் குடி."

டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டுகிறார். தினமும் நடக்கிறதுதான், நான் நெஞ்சிலிருந்து எடுத்து அந்தக் கையில் வைத்துவிட்டு ஓடுவேன். இன்றைக்கு என் கை அவளை இறுக்கிக்கொள்கிறது. நான் சொல்லி அது செய்யவில்லை. அப்பா நீட்டின கையை அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏங் கண்ணு, இன்னும் அசந்து தூங்குலியா?"

"உக்காருங்கப்பா."

"உக்காந்தாப் பொறவு எந்திரிக்கச் சங்கட்டமா இருக்குது. நின்னுட்டே கேக்கறேன், சொல்லு."

"நாளைக்கு ஸ்கேனுக்கு நீங்க வரவேண்டாங்கப்பா."

"ஏன், அந்தத் தம்பி வேற ஆளப் புடிச்சுட்டாராக்கு? நாஞ் சட்டையெல்லாம் தேச்சு வெச்சுட்டனே."

"நலமா இருக்கறவங்க வரிசைல உங்களச் சேக்க முடியாதுப்பா."

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆதிரையைப் பார்க்கவில்லை, நேராகத் தன் வலது கையைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது, அவரும் ஏதோ ஒன்றை அந்தத் துண்டுக்குள் சுற்றி வைத்திருந்தார் என்று.

"வயசாச்சு, அதுனாலன்னு நெனச்சேன்" என்றார். "நீ படிக்கற சீக்கா?"

"அதாட்டத்தாங்க தெரியுது. நான் டாக்டர் இல்ல. நரம்பு டாக்டர் பாத்துத்தான் சொல்லோணும். நாளைக்குக் காலைல அங்கதான் போறோம்."

"அது எலிக்கு வர்றதல்ல?"

"எலிக்கு நாங்க வரவெக்கறது."

"எனக்கு ஆரு வரவெச்சாங்க?"

"ஆருமில்லீங்கப்பா."

சிரித்தார். அவர் சிரிப்பு கொஞ்ச நாளாக முகத்தில் ஒரு பக்கம்தான் வருகிறது. மாத்திரை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, நோயை நிறுத்தாது, கை நன்றாக ஓடும், நடையும் நன்றாகும், நிறைய வருஷத்துக்கு நன்றாக இருக்கலாம் என்று மாணவர்களுக்குச் சொல்கிற மாதிரியே கோவையாகச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் யோசித்து, மெதுவாக, ஏதோ எனக்கு ஒரு நல்ல சேதி சொல்கிற மாதிரி சொன்னார்.

"அன்னிக்கு அந்தத் தம்பி சொன்னாரே, மாத்தரையே திங்காத ஆளு கெடைக்கறதில்லைன்னு. அப்ப அந்த வரிசைக்கு நாஞ் சரிதான? ஒனக்கு ஒதவுமல்ல? கொஞ்ச நாளைக்குத் திங்காம இருந்தாப் போச்சு, இத்தன நாளு இருந்தனல்ல."

"வேண்டாம்" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, ஆதிரை உடம்பு தூக்கிப்போட்டுச் சிணுங்கினாள். அந்த வேண்டாம் என் வாயிலிருந்து வருவதற்கு முன்னால் ஒரு இடைவெளி இருந்தது. ரொம்பச் சின்னது, டம்ளரிலிருந்து போசிக்குப் பால் போகிற நேரம். அப்பா கவனித்தாரோ தெரியாது. நான் கவனித்தேன்.

"செரி, செரி, எதுக்குச் சத்தம் போடறே. மொதல்ல அந்தத் தம்பிக்குச் சொல்லிப்போடு, மருந்து வீணாப் போயிரும்." குனிந்து போனை எடுத்து என் வலது கையில் வைத்தார். அப்பா வரமாட்டார், எந்த வரிசைக்கும், மருந்து தயார் செய்யவேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பின பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் தலையைத் தூக்கினால் அவர் கேட்பார். தூக்காமல் இருந்தும் கேட்டார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ஆடியில."

"ஆடியிலயா." அவர் மனசில் மாதங்கள் ஓடுவது தெரிந்தது. "நாம் பால அடிப்புடிக்க வுட்டது... நீ அடுப்பு மாத்துனது... எல்லாந் தெரிஞ்சா?"

"ஆமாங்கப்பா."

"அப்ப ஆடியிலருந்து, கை இப்புடின்னு தெரிஞ்சேதான் புள்ளைய என்றகிட்டக் குடுத்துட்டுப் போனயா?"

கண்ணை மூடிக்கொண்டேன். வரட்டும். திட்டட்டும், பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட யோசிக்காதவளா நீ என்று கேட்கட்டும், கேட்டால் எனக்குக் கொஞ்சம் இறங்கும், ஏதாவது ஒன்றுக்காவது தண்டனை கிடைத்த மாதிரி இருக்கும். கண்ணைத் திறந்தால் அப்பா கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கிறார். ஊர்க்கூட்டத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் துண்டு போர்த்தினால் எப்படி நிற்பாரோ அப்படி.

"எனக்கே இந்தக் கைமேல நம்பிக்க இல்ல கண்ணு" என்றார். "துண்டப் புடிச்சுட்டுச் சமாளிச்சேன். நீ தெரிஞ்சே குடுத்திருக்கறயே. ஒங்கம்மாகூட ஒரு சொம்புத் தண்ணி நம்பிக் குடுக்கமாட்டா."

இல்லை அப்பா. நம்பிக் கொடுக்கவில்லை, வேறு ஆள் இல்லாமல் கொடுத்தேன், வேலைக்கு நேரமாகிறது என்று கொடுத்தேன், கொடுத்துவிட்டு நாளெல்லாம் எலிக்கூண்டுக்கு முன்னால் நின்று உங்கள் கையை நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்து, மெதுவாக, தானாகவே உட்கார்ந்தார். மடியைச் சரிசெய்துகொண்டார். கையை நீட்டினார், இந்த முறை கேட்கவில்லை, காத்திருந்தார். நான் ஆதிரையின் வாய்க்குள் விரலை விட்டு மார்பை விடுவித்தேன், முனகினாள், விழிக்கவில்லை. அவர் மடியில் அவளைக் கிடத்தினேன். இடது கையால் தலையை ஏந்திக்கொண்டு, வலது கையை அவள் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று.

"பின்ன, உங்கள நம்பாம வேற ஆரங்கப்பா நம்பறது" என்றேன்.